பல்லிடுக்கில் ஒரு பேனா: ஓர் உளவியல் சோதனையின் வடிவமைப்பும் மறுசோதனையும்

ஒரு பேனாவை உதடுகள் படாமல் முன்பற்களால் மட்டும் கவ்விக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால், வாயின் இரு ஓரங்களும் பின்னோக்கி இழுபட்டு, கன்னங்கள் சற்றே மேலேறி, சிரிக்கும் முகம் ஒன்று தெரியும். அதே பேனாவைப் பற்கள் படாமல் உதடுகளால் மட்டும் இறுக்கிப் பிடித்தால் வாய் குவிந்துவிடும். அப்போது சிரிக்க முயன்றால் பேனா கீழே விழுந்துவிடும். முதல் நிலையில் சிரிப்புத் தசைகள் தாமாகவே இயங்குகின்றன, இரண்டாம் நிலையில் அவற்றால் இயங்க முடிவதில்லை. இரண்டிலும் அந்த மனிதரிடம் ‘சிரி’ என்றோ ‘சிரிக்காதே’ என்றோ யாரும் சொல்லவில்லை.

இந்த எளிய உத்தியைக் கொண்டு உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக், லெனர்ட் மார்ட்டின், சபீனா ஸ்டெப்பர் ஆகிய மூவரும் செய்த சோதனை 1988இல் வெளியாயிற்று. பாடநூல்களில் இடம்பெற்று, வகுப்பறைகளில் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்த அந்தச் சோதனையை 2016இல் 17 ஆய்வகங்கள் மீண்டும் செய்து பார்த்தபோது, அதன் முடிவு மறுபடி கிடைக்கவில்லை. அதன் பிறகு நடந்த விவாதம் அடுத்தடுத்த சோதனைகளாக வளர்ந்தது. உளவியலில் ஒரு சோதனை எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே நொறுங்குகிறது என்பதை ஒரே நிகழ்வில் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைத் தொடக்கத்திலிருந்து விரிவாக எழுதுகிறேன்.

கேள்வியும் அதன் சிக்கலும்

மகிழ்ச்சி வந்தால் சிரிக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சிரிப்பதாலும் மகிழ்ச்சி வருமா என்பதுதான் கேள்வி. உணர்ச்சியை வெளிப்படையாகக் காட்டினால் அது தீவிரமடைகிறது என்று சார்லஸ் டார்வின் 1872இல் எழுதினார். உடலில் ஏற்படும் மாற்றங்களை உணர்வதே உணர்ச்சி என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் வாதிட்டார். கருத்து பழையது, அதைச் சோதிப்பதுதான் கடினமாக இருந்தது.

கடினம் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் ‘சிரித்த முகத்தோடு இருங்கள்’ என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து ‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டால், அவர் ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்பார். அந்த விடைக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். முகத் தசை உண்மையிலேயே மனநிலையை மாற்றியிருக்கலாம். ‘சிரிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதே மகிழ்ச்சியான நினைவுகளைக் கிளப்பியிருக்கலாம். ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, அவருக்கு உதவும் எண்ணத்தில் அந்த விடையைத் தந்திருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்பதை விடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருபோதும் பிரித்தறிய முடியாது. பிரித்தறியும் வேலையை வடிவமைப்புதான் செய்தாக வேண்டும்.

உளவியலாளர் ஜேம்ஸ் லெயர்ட் 1974இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார். முகத்தில் மின்முனைகளை ஒட்டி, தசைகளின் இயக்கத்தை அளப்பதாகச் சொல்லி, ‘இந்தத் தசையை இறுக்குங்கள், அதைத் தளர்த்துங்கள்’ என்று ஒவ்வொன்றாகக் கூறிச் சிரிப்பையோ முகச்சுளிப்பையோ உருவாக்கினார். ‘சிரிப்பு’ என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனாலும் தன் முகம் என்ன வடிவம் எடுத்திருக்கிறது என்பதைப் பங்கேற்பாளர் உணர்ந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. தாம் சிரிப்பது தமக்கே தெரியாதபடி ஒருவரைச் சிரித்த முகத்தோடு வைத்திருக்க முடியுமா? பேனா இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்.

பங்கேற்பாளரும் சிந்திப்பவர்

வடிவமைப்புக்குள் நுழைவதற்கு முன், உளவியல் சோதனைக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். வேதியியலாளர் சோதனைக் குழாயில் ஊற்றும் அமிலம், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அறியாது. உளவியல் ஆய்வகத்துக்குள் வரும் மனிதர் அதை முதல் நொடியிலிருந்தே அறிந்திருக்கிறார். எதைச் சோதிக்கிறார்கள் என்று துருவிப் பார்க்கிறார். அறையில் உள்ள பொருள்கள், ஆய்வாளரின் குரல், கேள்வித்தாளின் வரிசை எல்லாவற்றிலும் குறிப்புகளைத் தேடுகிறார். மார்ட்டின் ஓர்ன் 1962இல் எழுதிய கட்டுரை இதற்கு மறக்க முடியாத சான்று ஒன்றைத் தருகிறது. ஒவ்வொரு தாளிலும் 224 கூட்டல் கணக்குகள் கொண்ட 2,000 தாள்களைப் பங்கேற்பாளரிடம் கொடுத்து, ‘செய்துகொண்டிருங்கள், பிறகு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார். சலித்துப்போய் விரைவில் நிறுத்திவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஐந்தரை மணி நேரம் கழித்து முயற்சியைக் கைவிட்டவர் ஆய்வாளர்தான். முடித்த ஒவ்வொரு தாளையும் குறைந்தது 32 துண்டுகளாகக் கிழித்துப் போடச் சொன்னபோதும் பங்கேற்பாளர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். இதற்குப் பின்னால் ஏதோ ஒரு பொருள் இருக்கும் என்று அவர்களே தமக்குள் விளக்கம் கற்பித்துக்கொண்டார்கள்.

ஆகவே ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் பங்கேற்பாளர் வெறுமையான மனத்தோடு இருப்பார் என்று நினைப்பது தவறு. நோக்கம் சொல்லப்படாவிட்டால் அவரே ஒன்றைக் கட்டிக்கொள்வார். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே நம்பத்தக்க வேறொரு நோக்கத்தை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. உளவியல் சோதனைகளில் மறைப்புக் கதை இதற்காகவே சேர்க்கப்படுகிறது. அது ஏமாற்றுவதுதான், ஐயமில்லை. அதனாலேயே, சோதனை முடிந்ததும் உண்மையை முழுவதும் எடுத்துச் சொல்லும் கடமை ஆய்வாளருக்கு உண்டு. அந்த ஏமாற்றால் தீங்கு வராது என்பதை நெறிமுறைக் குழு முன்னரே ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும் என்பதும் இன்றைய நடைமுறை.

1988: பேனாச் சோதனை கட்டப்பட்ட விதம்

கைகளைப் பயன்படுத்த இயலாதவர்கள் எழுதுவது, தொலைபேசியை இயக்குவது போன்ற வேலைகளை உடலின் பிற உறுப்புகளால் எப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிவதற்கான ஆய்வு இது என்று பங்கேற்பாளர்களிடம் சொல்லப்பட்டது. இந்தக் கதையின் சிறப்பு, அது பேனாவை வாயில் வைப்பதற்கு இயல்பான காரணத்தைத் தந்துவிடுகிறது என்பதே. சோதனையிலேயே மிக விசித்திரமான செயல் எதுவோ, அதுவே கதையின் மையமாக அமைந்துவிடுவதால், அதற்கு வேறு விளக்கம் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் சோதனையில் பங்கேற்ற 92 மாணவர்களும் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு பேனாவைப் பற்களால் பிடித்தது; இன்னொன்று உதடுகளால் பிடித்தது; மூன்றாவது குழு வழக்கமாக எழுதாத கையால் பிடித்தது. யார் எந்தக் குழு என்பது தற்செயலாக ஒதுக்கப்பட்டது. இந்தத் தற்செயல் ஒதுக்கீடு சடங்குபோல் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரு வரியில் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன் பெறுமானம் பலருக்கும் உறைப்பதில்லை. சிலர் எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள், சிலர் எளிதில் சிரிக்கமாட்டார்கள். சிலர் நல்ல தூக்கத்துக்குப் பின் வந்திருப்பார்கள், சிலர் தேர்வுக் கவலையோடு வந்திருப்பார்கள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அளந்து குழுக்களைச் சமப்படுத்துவது நடக்காத காரியம். தற்செயலாக ஒதுக்கும்போது, நாம் அறிந்த வேறுபாடுகளும் அறியாத வேறுபாடுகளும் குழுக்களிடையே ஒருதலையாகச் சாயாமல் பரவுகின்றன. எஞ்சும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருக்கலாம் என்பதையும் கணிதத்தால் மதிப்பிட முடிகிறது. கேட்டு அறிய முடியாததைக்கூடச் சமப்படுத்தும் வேறு உத்தி எதுவும் நம்மிடம் இல்லை.

கைக்குழு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். பற்குழுவையும் உதட்டுக்குழுவையும் மட்டும் ஒப்பிட்டால், வேறுபாடு தெரிந்தாலும், பற்களால் பிடிப்பது நகைச்சுவை உணர்வைக் கூட்டியதா, உதடுகளால் பிடிப்பது அதைக் குறைத்ததா என்று சொல்ல முடியாது. நடுவே ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் கையால் பிடிப்பது வாயால் பிடிப்பதைவிட எளிது என்பதால் இந்த அளவுகோலும் முற்றிலும் நடுநிலையானதன்று. மாற்ற நினைத்த ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கும் ஒப்பீடு உளவியலில் அரிது.

வேலைகள் படிப்படியாக வந்தன. முதலில் தாம் பிடித்திருக்கும் பேனாவால் எண்களைக் கோட்டால் இணைக்க வேண்டும். பிறகு எழுத்துகளின் நடுவே உயிரெழுத்துகளுக்குக் கீழே கோடிட வேண்டும். அதன் பிறகே கேலிச்சித்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது என்பதை 0 முதல் 9 வரையுள்ள எண்களில் ஒன்றை அதே பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். அளக்க நினைத்த பொருள், பேனாவால் குறியிடும் இன்னொரு பயிற்சிபோல் வரிசையில் ஒளிந்துகொண்டது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கடினமாக இருந்தது என்றும் கேட்கப்பட்டது. இந்தக் கேள்வி மறைப்புக் கதையை உறுதிப்படுத்தியதோடு, வேடிக்கை மதிப்பில் தெரியும் வேறுபாடு உண்மையில் சிரமத்தால் வந்ததா என்று பின்னர் சரிபார்க்கவும் வழி செய்தது. ஒரு கேள்வி இரு வேலை செய்யும் இத்தகைய சிக்கனத்தில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரிகிறது.

முடிவில், பற்குழுவின் சராசரி 5.14, கைக்குழுவுக்கு 4.77, உதட்டுக்குழுவுக்கு 4.32. கருதுகோள் சொன்ன வரிசை அப்படியே வந்திருந்தது. தொடர்ந்து செய்த இரண்டாம் சோதனையில், படத்தின் வேடிக்கையை மதிப்பிடுவதையும் தாம் உணர்ந்த மகிழ்ச்சியை மதிப்பிடுவதையும் பிரித்துக் கேட்டார்கள்.

அந்த எண்கள் எவ்வளவு தாங்கும்?

பற்குழுவுக்கும் உதட்டுக்குழுவுக்கும் இடையே 0.82 புள்ளி வேறுபாடு. முகத்தசையால் எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், தற்செயலாக இந்தத் திசையில் இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு 0.03 என்று கணக்கிடப்பட்டது. இது எதிர்பார்த்த திசையை மட்டும் கணக்கில் எடுக்கும் ஒருமுனைச் சோதனை. இரு திசைகளையும் கணக்கில் எடுத்திருந்தால் அந்த வாய்ப்பு இருமடங்காகி, முடிவை ஏற்பதற்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற உச்சவரம்புக்குள் அடங்காமல் போயிருக்கும். தெளிவான திசையைக் கருதுகோள் சொல்லும்போது ஒருமுனைச் சோதனை செய்வது தவறன்று. ஆனால் அந்தத் தேர்வு தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்கப்பட்டால்தான் அதை வாசகர் முழுமையாக நம்ப முடியும். முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கம் 1988இல் உளவியலில் இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மாதிரியின் அளவு, அதாவது பங்கேற்றவர்களின் எண்ணிக்கை. 92 பேரை மூன்றாகப் பிரித்தால் குழுவுக்குச் சுமார் 30 பேர். திட்ட விலக்கத்தில் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே உண்மையான விளைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 30 பேரைக் கொண்டு வழக்கமான இருமுனைச் சோதனை செய்தால், எட்டு முறை செய்து பார்த்தால் ஒரு முறைதான் அது கண்ணில் படும். ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு ஏறத்தாழ 394 பேர் வேண்டும். இதில் மறைந்திருக்கும் இன்னொரு ஆபத்து பலர் கவனிக்காதது. குழுவுக்கு 30 பேர் என்ற நிலையில், ஒருமுனைச் சோதனையாக இருந்தாலும், திட்ட விலக்கத்தில் சுமார் 0.43 பங்குக்குக் குறைவான வேறுபாடு, முடிவு ஏற்கப்படுவதற்கான எல்லையைத் தாண்டாது. ஆகவே உண்மை விளைவு 0.2 ஆக இருந்தால், எல்லையைத் தாண்டி அச்சேறும் ஒவ்வொரு முடிவும் உண்மையைவிட இருமடங்குக்கு மேல் பெரிதாகவே தெரியும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சிறிய மாதிரியும், எல்லையைத் தாண்டியதையே வெளியிடும் வழக்கமும் சேர்ந்தால் மிகைப்படுத்தல் தானாகவே நிகழ்ந்துவிடும்.

இதைச் சொல்வதால் 1988 ஆய்வாளர்களைக் குறை கூறுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய சமூக உளவியலில் அந்த மாதிரி அளவு இயல்பானதே. வடிவமைப்பில் அவர்கள் காட்டிய நுட்பம் இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. மறைப்புக் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், போதிய ஆட்கள் இல்லாத குறையை அது ஈடுசெய்யாது என்பது மட்டுமே நான் சொல்வது.

2016: பதினேழு ஆய்வகங்கள்

தம் சோதனையை மற்றவர்கள் மீண்டும் செய்து பார்க்கட்டும் என்று முன்வந்தவர் ஸ்ட்ராக்கே. பழைய பொருள்களையும் அவர் தந்து உதவினார். இந்தச் செயலுக்கு உரிய மதிப்பு இன்றுவரை அவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. தம் பெயரைத் தாங்கிய முடிவைப் பிறர் கையில் ஒப்படைப்பது எளிய செயலன்று.

எரிக்-யான் வாகன்மாக்கர்ஸ் குழுவினர் ஒருங்கிணைத்த இந்த மறுசோதனையில், செயல்முறை முழுவதும் தரவு சேகரிக்கும் முன்பே எழுதப்பட்டு, விமர்சிக்கப்பட்டு, உறுதி செய்யப்பட்டது. பற்குழு, உதட்டுக்குழு ஆகிய இரண்டை மட்டும் ஒப்பிடுவது என்று முடிவாயிற்று. கேலிச்சித்திரங்கள் மிக வேடிக்கையாகவும் இல்லாமல் மிகச் சலிப்பாகவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வேறொரு குழுவிடம் முன்கூட்டியே மதிப்பீடு பெற்று நான்கு படங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எல்லோரும் 9 கொடுக்கும் படத்தில் மேலும் கூடுவதற்கு இடமில்லை, எல்லோரும் 0 கொடுக்கும் படத்தில் மேலும் குறைவதற்கு இடமில்லை என்பதால், அளவுகோலின் நடுவில் விழும் படங்களே பயன்படும். அறிவுரைகள் காணொளி வழியாகக் கொடுக்கப்பட்டன. நேரில் விளக்குபவர், தம்மை அறியாமலே பற்குழுவிடம் சற்று இனிமையாகப் பேசிவிடக்கூடும். காணொளியில் எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே சொற்கள்.

யாருடைய தரவை நீக்குவது என்பதும் முன்னரே வரையறுக்கப்பட்டது. பேனாவைச் சரியாகப் பிடிக்காதவர், சோதனையின் நோக்கத்தை ஊகித்துவிட்டவர், படங்கள் புரியாதவர், சராசரியிலிருந்து மிகவும் விலகி மதிப்பளித்தவர் எனக் காரணங்கள் பட்டியலிடப்பட்டன. இது வெறும் நிர்வாக விவரமாகத் தோன்றலாம். உண்மையில், தரவைப் பார்த்துவிட்டு நீக்கும் உரிமை ஆய்வாளர் கையில் இருந்தால், விரும்பிய முடிவை நோக்கித் தரவு மெல்ல நகர்ந்துவிடும். அவர் நேர்மையானவராக இருந்தாலும் நகரும். ‘இவர் சரியாகக் கவனிக்கவில்லை’ என்ற எண்ணம், நம் கருதுகோளுக்கு எதிராக விடையளித்தவர் விஷயத்தில்தான் அதிகமாகத் தோன்றும்.

நோக்கத்தை ஊகித்தாரா என்பதை எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பேனா உங்களைச் சிரிக்க வைப்பதற்காக என்று நினைத்தீர்களா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்டால், அதுவரை தோன்றாதவருக்கும் அப்போது தோன்றிவிடும். ‘ஆம், கொஞ்சம் சந்தேகப்பட்டேன்’ என்பார். அதனால் முதலில் ‘இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?’ என்று அகலமாகத் தொடங்கி, ‘வித்தியாசமாக ஏதாவது தோன்றியதா?’ என்று குறுக்கி, இறுதியில்தான் குறிப்பான கேள்விக்கு வருவார்கள். வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

பேனாவைச் சரியாகப் பிடித்தார்களா என்று பின்னர் சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு பங்கேற்பாளரையும் நோக்கி ஒரு கேமரா வைக்கப்பட்டது. 1988இல் கேமரா இல்லை. இது பின்னால் முக்கியமாகப்போகிறது.

17 ஆய்வகங்களில் 1,894 பேரின் தரவு பகுப்பாய்வு செய்யப்பட்டது. பற்குழுவுக்கும் உதட்டுக்குழுவுக்கும் இடையே கிடைத்த வேறுபாடு 0.03 புள்ளி, அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி (உண்மை வேறுபாடு இருக்கக்கூடும் என்று தரவு காட்டும் வரம்பு) −0.11 முதல் 0.16 வரை. முன்பு கிடைத்த 0.82 இந்த இடைவெளிக்கு வெளியே வெகுதொலைவில் நின்றது. ஏறத்தாழ பாதி ஆய்வகங்களில் வேறுபாடு எதிர்பார்த்த திசையிலும், மீதியில் எதிர்த்திசையிலும் விழுந்தது. உண்மை வேறுபாடு சுழியாக இருந்தால் எப்படிச் சிதறுமோ அப்படித்தான் சிதறியிருந்தது.

கேமராவைப் பற்றிய வாதம்

ஸ்ட்ராக் பதில் எழுதினார். பங்கேற்றவர்களில் பலர் உளவியல் மாணவர்கள், அவர்களுக்குப் பாடநூல் வழியாக இந்தச் சோதனை தெரிந்திருக்கலாம். படங்கள் 1980களைச் சேர்ந்தவை, இன்றைய இளைஞர்களுக்கு அவை அதேபோல் வேடிக்கையாக இராமல் போகலாம் என்றெல்லாம் அவர் சுட்டினார். அவர் சொன்னவற்றில் அதிகம் பேசப்பட்டது கேமரா. தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்று உணரும் மனிதர் தம்மையே வெளியிலிருந்து பார்க்கத் தொடங்குகிறார். அப்போது உடலிலிருந்து வரும் மெல்லிய உணர்வுகளை நம்புவதை விட்டு, யோசித்து விடையளிக்கிறார் என்பது அந்த வாதம்.

இத்தகைய விளக்கங்களை எப்படி எடைபோடுவது? முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படும் எந்த விளக்கமும் மலிவானது. இரண்டு சோதனைகளுக்கு இடையே நூறு வேறுபாடுகளைக் காட்ட முடியும், ஒவ்வொன்றையும் குற்றவாளியாக்க முடியும். அதே வேளையில், ‘பின்னால் சொன்னது’ என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தூக்கி எறிவதும் அறிவியல் ஆகாது. பங்கேற்பாளர் சிந்திப்பவர் என்று ஓர்ன் வலியுறுத்தியதை ஏற்பவர்கள், கேமரா ஒன்றும் செய்யாது என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிட முடியாது. கையுறையின் சரியான அளவை அறியக் கையை இறுக்கி அளந்தால் கையின் வடிவமே மாறிவிடுவதைப்போல, செயல்முறை சரியாக நடந்ததா என்று காட்டும் கருவியே செயல்முறையை மாற்றியிருக்கக்கூடும். விளக்கம் சரியா என்று அறிய ஒரே வழி, கேமராவையே மாறியாக்கிச் சோதிப்பது.

டாம் நோவா, யாக்கோவ் ஷூல், ரூத் மேயோ ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். பற்கள் அல்லது உதடுகள், கேமரா உண்டு அல்லது இல்லை என நான்கு பிரிவுகள். கேமரா இல்லாதபோது பற்குழு கூடுதலாக மதிப்பளித்தது. கேமரா இருந்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஸ்ட்ராக்கின் வாதம் வென்றுவிட்டதாகப் பலர் இதை வாசித்தார்கள். இங்கே வாசகர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நிலையில் விளைவு எல்லையைத் தாண்டியது, இன்னொரு நிலையில் தாண்டவில்லை என்பதிலிருந்து, இரண்டு நிலைகளும் வேறுபட்டவை என்று முடிவு கட்ட முடியாது. 0.04 ஒரு பக்கமும் 0.06 மறு பக்கமும் விழலாம்; இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கேமரா விளைவை மாற்றுகிறதா என்பதே கேள்வி என்பதால், இரண்டு வேறுபாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். அந்த நேரடிச் சோதனையில் கிடைத்த சான்று ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு வலுவாக இல்லை. கேமரா விளக்கம் பொய்யாகவில்லை, நிறுவப்படவும் இல்லை.

எதிர்த்தரப்பினர் ஒன்றாக அமர்ந்தபோது

நிக்கோலஸ் கோல்ஸும் இணை ஆய்வாளர்களும் 2019இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முகபாவம் உணர்ச்சியைப் பாதிக்கிறது, ஆனால் அந்தப் பாதிப்பு சிறியது என்று தெரிந்தது. திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பேனாவின் கதி வேறு, முகபாவக் கருதுகோளின் கதி வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. ஒரு செயல்முறை தோற்றால் கருதுகோளே தோற்றுவிட்டதாக எண்ணுவது, 2016க்குப் பிறகு பரவலாக நடந்த பிழை.

கோல்ஸ் தலைமையில் 2022இல் வெளியான பெரிய கூட்டு ஆய்வில், கருதுகோளை நம்பியவர்களும் ஐயுற்றவர்களும் சேர்ந்தே செயல்முறையை வகுத்தார்கள். எந்த முடிவு வந்தால் யார் எதை ஒப்புக்கொள்வது என்பது முன்பே பேசப்பட்டுவிட்டால், பின்னர் ‘இது சரியான சோதனையே அல்ல’ என்று சொல்ல இடமிராது. 19 நாடுகளைச் சேர்ந்த 3,878 பேர் பங்கேற்றார்கள். முகபாவத்தை உருவாக்க மூன்று வழிகள் கையாளப்பட்டன: சிரிக்கும் முகத்தின் படத்தைப் பார்த்து அதேபோல் செய்வது, தசைகளை எப்படி அசைப்பது என்ற குறிப்பைப் பின்பற்றுவது, பேனாவை வாயில் வைப்பது. முதல் இரண்டு வழிகளிலும் பங்கேற்பாளர்கள் தாம் உணர்ந்த மகிழ்ச்சி கூடியதாகத் தெரிவித்தார்கள். பேனா வழியில் மட்டும் சான்று அறுதியாக அமையவில்லை.

இந்த முடிவில் உள்ள இக்கட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெளிவான விளைவு தந்த இரண்டு வழிகளிலும், தாம் சிரிப்பது பங்கேற்பாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதாவது 1974இல் லெயர்டின் முறையிலிருந்த அதே சிக்கல் இங்கும் வந்து நிற்கிறது. அதை விலக்குவதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பேனா, தெளிவான விடை தர மறுக்கிறது. பேனா உருவாக்கும் சிரிப்பு அரைகுறையானது, கண்களைச் சுற்றியுள்ள தசைகள் அதில் சரியாகச் சேர்வதில்லை, கவ்விப் பிடிக்கும் முயற்சியால் தாடை இறுகிவிடுகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. நீண்ட நேரம் பல்லால் பேனாவைப் பிடித்துப் பார்த்தவர் அந்த இறுக்கத்தை அறிவார். அறிந்து செய்யும் சிரிப்பே மனத்தைத் தொடும், அறியாத சிரிப்புக்கு அந்த ஆற்றல் இல்லை என்பது மற்றொரு விளக்கம். முதல் விளக்கம் சரியென்றால் மேலும் நல்ல கருவி வேண்டும். இரண்டாவது சரியென்றால் வில்லியம் ஜேம்ஸ் சொன்னதையே திருத்தி எழுத வேண்டும். நான் முதல் விளக்கத்தின் பக்கம் சற்றே சாய்கிறேன். ஆனால் இதுவரை நடந்த சோதனைகள் இரண்டையும் பிரிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால், அந்தச் சாய்வுக்குமேல் எதையும் கோர எனக்கு உரிமையில்லை.

கேமராக் கேள்வியை முடித்துவைக்க என்ன தேவைப்படும் என்பதைக் கணக்கிட முடியும். கேமரா இல்லாதபோது விளைவு திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றும், கேமரா இருக்கும்போது சுழி என்றும் கொண்டால், இந்த மாற்றத்தை ஐந்தில் நான்கு முறை கண்டுபிடிக்கும் சோதனைக்கு, நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 790 பேர் வேண்டும். மொத்தம் 3,150க்கும் மேல். கேமரா இல்லாத பிரிவுகளில் பேனாவைச் சரியாகப் பிடித்தார்களா என்பதைப் பங்கேற்பாளர் அறியாத வேறு ஒரு வழியில் சரிபார்த்தாக வேண்டும். அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிப்பது ஆட்களைத் திரட்டுவதைவிடக் கடினமான வேலை.